பேத்தி ஷூ வரையச் சொன்னாள்

பெரிய பேரன் வேலூர் பாகாயத்தில் டாக்டர் படிப்பை முடித்தான். அவன் தங்கை பேங்க்கில் ஆபீசர். கடைசிப் பேத்தி தீபா, ஓவியம் சொல்லிக்கொடுப்பதற்கென்றே எம்.ஏ. படிக்கிறாள்.

இன்று அவள் பாடம் நடத்திக் காட்டும் பரீட்சை. அவள் காலேஜ் மேடம் வீடியோவில் பார்த்து மார்க் போடுவார். மாணவிகள் நானும் பக்கத்து வீட்டு ஷமீமும். இருவரும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைத்தவர்கள்.

"ஆளுக்கொரு ஷூ வரைங்க" என்றாள்.

வரைந்தோம். பார்த்ததும் அவள் முகம் தொங்கிவிட்டது.

"இன்னா ஆயா இது? துண்டு துண்டா இருக்கு. ஷூ எங்க?"

"இதாண்டி ஷூ. இது முன்பக்கம், இது பின்பக்கம், இது லேசுக்கு அடியில வர்ற நாக்கு."

"அடிப்பாகம்?"

"அது வேற ஷெட்டும்மா. நாங்க அந்தப் பக்கமே போனதில்ல" என்றாள் ஷமீம்.

மேடம் சிரித்துவிட்டு, "தீபா, நீங்க இதெல்லாம் சேர்த்து முழு ஷூவா வரைங்க" என்றார்.

எம்.ஏ. மாணவி நாக்கைக் கொண்டுபோய்க் குதிகாலில் ஒட்டினாள். ஐந்தாவதோடு நின்ற நான் ஷமீமைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

மேடம் பாஸ் போட்டுவிட்டார். பாடம் நடத்தியதற்கு மட்டும்தானாம், வரைந்ததற்கு இல்லையாம்.

போட்டோ எடுக்க நான் போனைத் தூக்கினாலே தீபா முறைக்கிறாள். சாயந்திரம் வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது, அவளையும் அந்த ஷூவையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து இந்த வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள்.