நான் திறந்துவிட்ட மூன்று குழிகள்

வெள்ளிமலையில் எங்கள் வீட்டின் ஒன்பது பில்லர் குழிகளுக்கும் கான்கிரீட் போட்டு முடித்தபோது நண்பகல். ஏழு வருடம் தகரக் கூரைக்குக் கீழே வெந்தவள் நான். அந்த ஒன்பது குழிகளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வெயில் ஈரத்தை உறிஞ்சாமல் இருக்க, சாமை காயப்போடும் தார்ப்பாய்களைக் குழிகளின் மேல் போர்த்திவிட்டு மேஸ்திரி சாப்பிடக் கிளம்பினார்.

"கான்கிரீட்டு தண்ணி குடிச்சிக்கினே இருக்கணும்மா. காய வுட்டா வெடிச்சிடும்" என்றார். எப்போதிலிருந்து என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாதி கேட்டதும் ஓடுகிற ஆள் நான்.

அவர் தலை மறைந்ததும் மழை கொட்டியது. ஐயோ, என் சந்தோஷத்தை என்ன சொல்ல! நான் குடம் குடமாகச் சுமக்க வேண்டிய தண்ணீரை வானமே ஊற்றுகிறது! குடிக்கட்டும், நன்றாகக் குடிக்கட்டும் என்று புடவையைச் செருகிக்கொண்டு தார்ப்பாய்களை உருவினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"இன்னாம்மா பண்றீங்க! மூடுங்க, மூடுங்க!" சோற்றுக் கையோடு மேஸ்திரி ஓடி வந்தார். "இன்னும் எறுகவே இல்ல. சிமெண்டு கரைஞ்சி பூட்டா மணலும் ஜல்லியுந்தான் மிஞ்சும். நாளைக்கித்தாம்மா தண்ணி ஊத்தணும்!"

முதல் குழியில் சாம்பல் நிறத் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. அவர் மூட மூட, நான் கான்கிரீட் சுமந்த இரும்புப் பாண்டால் தண்ணீரை மொண்டு கொட்டினேன். "மேல கொஞ்சம் சிமெண்டு தூவிடலாமா மேஸ்திரி?" என்று கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் மறுபடி பாண்டைத் தூக்கிக்கொண்டேன். பிறகு மண்வெட்டியால் குழிகளைச் சுற்றி வாய்க்கால் வெட்டினோம். மேட்டிலிருந்து வந்த செம்மண் தண்ணீர் குழிகளைச் சுற்றிக்கொண்டு விலகி ஓடியதைப் பார்த்து, அந்த நிலையிலும் கூச்சல் போட்டேன்.

மறுநாள் காலை, கம்பி வாங்கச் சங்கராபுரம் போயிருந்த என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். மேஸ்திரி ஆணியால் ஒவ்வொரு குழியாகக் கீறிப் பார்த்தார். கீறல் விழவில்லை! எட்டுக் குழிகள் கல்லாக நின்றன. நான் முதலில் திறந்த குழியில் மட்டும் ஆணி வெல்லத்தில் இறங்குவதுபோல் இறங்கியது.

"இன்னா ஆச்சி?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மழைங்க. மழைய யாரு இன்னா பண்ண முடியும்?" என்றார் மேஸ்திரி, என்னைப் பார்க்காமல்.

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு, அந்தக் கான்கிரீட்டை உடைத்தெடுக்கக் குழிக்குள் இறங்கினேன்.

"மழ இல்லங்க. நான்தான்."