தொப்புளைப் பற்றிக் கேட்ட டொக்டர்

டொக்டர் மருதமுத்து காலமான செய்தியை ஹட்டனிலிருந்து எங்கள் ஒப்பரேஷன் தியேட்டர் தாதி போனில் சொன்னார். "நம்ம டொக்டர் போயிட்டாருங்க சேர்" என்றவர் அதற்குமேல் பேச முடியாமல் அழுதார். வருத்தம் வருவதற்குமுன் எனக்குப் பொறாமைதான் வந்தது. நான் செத்தால் இந்த அம்மா இப்படி அழுவாரா? அவரோடு வேலை செய்து, இன்று அவருடைய அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணர்களாகப் பல வருடம் இருந்தோம். நான் யாழ்ப்பாணத்துக்காரன். அவர் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். நோயாளிகள் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். அவரைக் கண்டால் உட்காரச் சொல்வார்கள். அவரும் கூச்சமே இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்துவிடுவார்.

லெட்சுமி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பித்தப்பையில் கல். அடிக்கடி வலி, காய்ச்சல். மறுநாள் காலை எடுப்பதாக நான்தான் முடிவு செய்திருந்தேன். எனக்கு அது சின்ன ஒப்பரேஷன். பின்னேரம் வாட்டுக்குப் போனால், மருதமுத்து அவளுடைய தாயிடம் கதைத்துக்கொண்டிருக்கிறார்.

"இவ பொறந்தப்ப தொப்புளுக்கு என்னம்மா வச்சீங்க?"

"சாம்பல்தானுங்க. சீழ் புடிச்சு, புள்ள தங்காதுன்னே சொல்லிட்டாங்க. எட்டு வயசுல ஒருக்கா ரத்தமா வாந்தி எடுத்தா."

அவர் என்னைப் பார்த்தார். "ஸ்கேன் ஒன்னு பாத்துட்டு வெட்டுவோமுங்க."

"அவ என்ர நோயாளி" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. ஆனாலும் பெரிய ஸ்கேனுக்குக் கண்டிக்கு அனுப்பினேன். ஈரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளம் அடைபட்டிருந்தது. பெரும்பாலும் தொப்புள் நாளம் வழியாக ஈரல்வரை ஏறிய அந்தச் சீழ் செய்த வேலை. வழி கிடைக்காத இரத்தம் பித்தப்பையைச் சுற்றிப் புதுப்புது நாளங்களில் புடைத்து நின்றது. நான் நினைத்தபடி கத்தி வைத்திருந்தால் மேசையிலேயே போயிருப்பாள்.

வலி விடவில்லை. அவளுக்கு ஏற்றப் போதிய இரத்தம் சேர்த்து வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து வெட்டினோம். கத்தியை என்னிடமே தந்து அவர் உதவிக்கு நின்றார். ஈரலோடு ஒட்டிய பக்கத்தில் இரத்தம் கசியத் தொடங்கியது. பையை முழுதாக எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வீம்பு.

"கல்லு வந்திருச்சு. பையில பாதி அங்கனயே கெடக்கட்டுமுங்க. முழுசா எடுக்குறது நம்ம ஆசை, அவளுக்கு அது வேணாம்" என்றார்.

கசிவை அழுத்திப் பிடித்து நிறுத்திவிட்டு வயிற்றை மூடினோம்.

வீட்டுக்குப் போகும்போது லெட்சுமி அவரைத்தான் கும்பிட்டாள். "என்னைய ஏன் கும்பிடுற? வெட்டுனது சேருதான்" என்று என் பக்கம் திருப்பிவிட்டார். அவர் தள்ளிவிட்ட கும்பிடை வாங்கிக்கொண்டபோது எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். கட்டிலில் உட்கார்ந்து, தாய்மாரிடம், அவருடைய பேச்சிலேயே கேட்கிறேன். போன வாரம் ஒரு தாய் யோசித்துப் பதில் சொல்லிவிட்டு, "மருதமுத்து டொக்டர்கிட்ட படிச்சவருங்களா நீங்க?" என்றார்.

அவரைவிட நான் ஐந்து வயது மூத்தவன். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஓம் அம்மா" என்றேன்.