செவலைக்கு வெந்த ஈரல்

என் தங்கை ரேணுகாதேவி அருப்புக்கோட்டையில் பி.காம் படிக்கிறாள். ஆனால் ஊரில் அவளுக்குப் பெயர் 'நாய் டாக்டரம்மா'. கேலிக்கு வைத்ததுதான். அவளுக்கு அதில் கோபம் கிடையாது. யாராவது அப்படிக் கூப்பிட்டால், "என்ன மாமா, ஒங்க நாய்க்கு மாத்திரை குடுத்தாச்சா?" என்று நின்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியிலும் கோயிலிலும் அவள் கூடவே இருந்தவள் நான். அதனால் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

அப்போது அவள் எட்டாம் வகுப்பு. எங்கள் அப்பா இருளப்பசாமிக்கு மானாவாரிக் காடும் ஆடுகளும்தான். ஆட்டுக்குக் காவல் செவலை என்ற நாய். அதைக் குட்டியிலேயே தூக்கிவந்து வளர்த்தவள் ரேணுகா. முறுக்கு வாங்கினால் அவள் ஒரு கடி, அது ஒரு கடி. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் வீட்டுப்பாடமே எழுதுவாள்.

குச்சி மாதிரி இருந்த பிள்ளைக்கு வயிறு மட்டும் வலது பக்கம் விலாவுக்குக் கீழே மேடு தட்டியது. பாவாடை நாடா எட்டவில்லை. "திங்கிற சோறெல்லாம் ஒரு பக்கமாவே எறங்குதாடி?" என்று அம்மா கிண்டல் செய்தார். பள்ளிக்கூடத்துக்குச் சோதனைக்கு வந்த டாக்டர் அந்த இடத்தை அமுக்கிப் பார்த்ததும், உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார். ஈரலில் தேங்காய் அளவுக்கு ஒரு நீர்க்கட்டி இருந்தது.

மதுரைக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, "வீட்ல ஆடு, நாய் ஏதாவது இருக்கா?" என்று. அப்பா வசதியை விசாரிக்கிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆடு ஒரு பட்டி நெறைய கெடக்குங்க. நாய் ஒண்ணுதான். ஆனா பத்து நாய்க்குச் சமானம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஆடு அறுக்கும்போது ஈரல்ல தண்ணிக் கட்டி பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேங்க. அத நாங்க திங்க மாட்டோம். நறுக்கி நாய்க்குப் போட்ருவோம்."

"அங்கதான் ஆரம்பம்" என்றார் அவர்.

எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். அந்தத் தண்ணிக்குள் நாடாப்புழுவின் வித்து இருக்கிறது. அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் புழு வளர்கிறது. புழுவின் முட்டை நாயின் மலத்தில் வெளியேறிப் புல்லிலும் மண்ணிலும் சேர்கிறது, நாயின் ரோமத்திலும் ஒட்டுகிறது. புல்லோடு அதைத் தின்கிற ஆட்டுக்கும் கட்டி வரும். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் வாயில் வைக்கிற பிள்ளைக்கும் கட்டி வரும். வளர்ந்து வெளியே தெரிய வருசக்கணக்காகும். கட்டி உள்ளேயே உடைந்தால் உயிருக்கு ஆபத்து. அதனால் ஆபரேசன் முடிகிற வரை அடிபடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் ரேணுகா கேட்டாள்: "யக்கா, செவலைக்குச் சோறு வச்சாகளா?"

ஊருக்குத் திரும்பிய அன்றைக்கே அப்பா, செவலையை மல்லாங்கிணறு பக்கம் போகிற லோடு வண்டியில் ஏற்றி எங்காவது விட்டுவிடக் கயிற்றோடு கிளம்பினார். ரேணுகா வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"யப்பா, அதுவாவா ஆட்ட அறுத்து ஈரலத் தின்னுச்சு? போட்டது யாரு?"

அப்பா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். "கால்நடை ஆஸ்பத்திரில சொல்ற மாத்திரைய ஒழுங்காக் குடு. ஆனா இனிமே ஒரு துண்டு பச்ச ஈரல் அது வாயில பட்டாலும், அன்னைக்கே வண்டி ஏத்திருவேன்."

"சரி" என்றாள். மாத்திரையைக் கருவாட்டுத் துண்டுக்குள் செருகிக் கொடுக்கப் பழகினாள். குழாயடியில் வலைப்பையில் சோப்பைக் கட்டித் தொங்கவிட்டாள். கை கழுவாமல் தட்டைத் தொட்டால் அப்பாவானாலும் அதட்டுவாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, மாசிக் களரி என்கிற குலசாமித் திருவிழா வருகிற வரை.

எங்கள் குலசாமி கருப்பசாமி நாயோடு வேட்டைக்குப் போகிறவர். அதனால் களரியில் முதல் கிடாவை அறுத்ததும், அதன் ஈரலில் ஒரு துண்டைப் பச்சையாக நாய்க்குப் போடவேண்டும். சாமி நாயின் பங்கு என்பார்கள். கட்டி இருந்தால் அந்தத் துண்டையே பங்காக ஒதுக்குவது வழக்கம். போடுகிற உரிமை அப்பாவின் அண்ணன் சங்கையா பெரியப்பாவுக்கு. வாங்கித் தின்பது வருசா வருசம் செவலை. அப்பா பெரியப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். நாயைக் கொண்டுவராமலும் இருக்க முடியாது.

அன்று அப்பா, செவலையை வண்டி ஏற்ற வைத்திருந்த அதே கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். கிடாவை அறுத்தார்கள். ஈரலை எடுத்தால், ஓரத்தில் கோலிக்குண்டு மாதிரி நீர்க்கட்டி. பெரியப்பா அந்தப் பக்கத்தைச் சீவிக் கையில் வைத்துக்கொண்டு, "ஏ செவலை, வா" என்றார். அது வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்தது. அப்பா என்னைப் பார்த்தார். ரேணுகா ஓடிப்போய்ச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பெரியப்பா, அதப் போடாதீக."

"ஏய், இது சாமி நாய்க்குச் சேரவேண்டிய பங்கு. நகரு."

"பங்கு வேணாம்னு நான் சொல்லல. வேக வச்சுக் குடுங்க."

"சாமியோட நாய் பச்சையாத்தான் திங்கும்."

"சாமிக்குப் பச்சையாவா படைக்கிறோம்? பொங்கலும் கறிக்கொழம்பும் வெந்ததாத்தான வைக்கிறோம்? சாமிக்கு வெந்தது, அவரு கூடவே அலையிற நாய்க்கு வேகாததா? நாளைக்குச் சாமி கேட்டா நீங்கதான பதில் சொல்லணும்?"

கூட்டம் சிரித்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. கையில் ஈரலோடு கருப்பசாமி பீடத்தைப் பார்த்தபடி நின்றார். அடுப்பில் கறிக்குழம்புக் கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்த மொக்கையன் மாமா குரல் கொடுத்தார்.

"சங்கையா, பிள்ள கேக்கறது நியாயந்தான். நல்ல துண்டாப் பாத்துக் குடு. நான் வறுத்துத் தாரேன்."

பெரியப்பா ஈரலில் நல்ல துண்டாக ஒன்றை அறுத்துக் கொடுத்தார். அப்புறம் மாமாவைப் பார்த்து, "ஒறப்பு கம்மியாப் போடு. நாய் தாங்காது" என்றார்.

"அப்ப இந்தக் கெட்டதை என்ன செய்ய?" என்று கையில் இருந்ததை நீட்டினார். ரேணுகா வாயைத் திறப்பதற்குள் அப்பா மண்வெட்டியை எடுத்துவிட்டார். எந்த நாயும் தோண்ட முடியாத ஆழத்துக்குக் குழி வெட்டி, அதைப் புதைத்து, மேலே கல்லைப் புரட்டிப் போட்டார். திரும்பி வரும்போது கையில் சுற்றி வைத்திருந்த அந்தக் கயிற்றைக் கருவேலஞ் செடிக்குள் எறிந்தார்.

வறுத்த ஈரல் வாழை இலையில் வந்தது. செவலை அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து, ஆறிய பிறகு இலையோடு நக்கியது. "எனக்கே இன்னும் எலை போடலப்பா" என்றார் பெரியப்பா.

அதற்குப் பிறகுதான் ஊரில் மற்ற நாய்களுக்கும் அவள் மாத்திரை கொடுக்க ஆரம்பித்தாள். பெயரும் வந்தது. பெயரை வைத்தவர் பெரியப்பாதான். அவர் வீட்டு நாய்க்குத்தான் முதல் மாத்திரை.

செவலைக்கு இப்போது மூஞ்சி நரைத்துவிட்டது. இந்த வருசக் களரியிலும் கிடா அறுக்கிற பக்கம் அது எட்டிப் பார்க்கவில்லை. மொக்கையன் மாமாவின் அடுப்போரமாகப் போய்ப் படுத்துக்கொண்டு, கரண்டி போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது.