ஜெயபாய் எடுத்துவைத்த நோட்டு

1989 ஜூன் 14, புதன்கிழமை காலை, பரிபூரணம் மஸ்கட் வேலைக்குக் கிளம்பினாள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி நின்றது. வழியனுப்ப வந்த ஏழு நர்சுகளில் ஆறு பேர் அழுதார்கள். ஜெயபாய் அழவில்லை. பரிபூரணம் ஜன்னலில் குனிந்து அவளிடம்தான் கேட்டாள்.

"ஏட்டி, என் நீல நோட்டைப் பாத்தியா? ரெண்டு நாளாத் தேடுதேன்."

"நான் எங்க கண்டேன்" என்றாள் ஜெயபாய், பஸ் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு.

நோட்டு அவள் வீட்டு டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது.

இருவரும் ஒரே நாளில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள். ஊசி போடுவதில் ஜெயபாயை மிஞ்ச ஆளில்லை. மில் தொழிலாளிகள் "ஜெயபாய் சிஸ்டர் வரட்டும்" என்று கையை மடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். அந்தப் பெருமையில் அவளுக்கு ஐந்து வருஷம் நன்றாகவே கழிந்தது. பிறகு பரிபூரணம் மதுரைக்கு ஆறு மாதப் பயிற்சிக்குப் போய், கேர் பிளான் என்ற ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தாள்.

அதுவரை வார்டில் எல்லோருக்கும் ஒரே கவனிப்புதான். காய்ச்சல் பார், மாத்திரை கொடு, கட்டு மாற்று. பரிபூரணமோ கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலையில் கண் விழிப்பதிலிருந்து இரவு படுப்பது வரை ஒரு நாள் முழுவதையும் சொல்லச் சொல்லுவாள். கேட்டு முடித்தபின், இவருக்கு என்ன தொந்தரவு, நாம் என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளில் என்ன மாற வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நீல நோட்டில் எழுதுவாள். ஸ்பின்னிங் மில் அம்மாவுக்கு மெஷின் சத்தத்தில் இடது காது மந்தம், வலப்பக்கம் நின்று பேசவும். சுந்தரபாண்டியத்துப் பெரியவர் தண்ணீர் பாய்ச்சப் போய்ப் பழகியவர், நாலு மணிக்கு விழிப்பார். தூக்க மாத்திரை வேண்டாம், காப்பி கொடுக்கவும்.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் "பரிபூரணம் என்ன எழுதியிருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த ஒரு கேள்வி ஜெயபாய்க்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. "ஊர்க்கதை கேக்கதுக்கும் சம்பளம் குடுக்காவ" என்று டியூட்டி ரூமில் சொல்லிச் சிரித்தாள். ஒருமுறை ஒரு நோயாளி, சும்மா தொணதொணக்காதே என்று பரிபூரணத்தை விரட்டிவிட்டாள். அதை ஜெயபாய் நாலு பேரிடம் சொன்னாள். ஐந்தாவது ஆள் கிடைக்காமல் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடமும் சொன்னாள். மஸ்கட் சேதி வந்தபோது சந்தோஷப்படக்கூட முடியவில்லை. போகிற இடத்திலும் அவள் நன்றாயிருப்பாள், இங்கேயும் அவளைப் பற்றிய பேச்சே நிலைத்திருக்கும். பரிபூரணம் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது நோட்டு ஜெயபாயின் பைக்குள் போனது.

பெண்கள் வார்டு இன்சார்ஜ் பொறுப்பு ஜெயபாய்க்கு வந்தது. ஆனால் மேட்ரன் ஒரு நிபந்தனை வைத்தார். கேர் பிளான் தொடர வேண்டும். பொங்கல் வரை பார்த்துவிட்டுத்தான் பதவி உறுதி. ஜெயபாய் கவலைப்படவில்லை. வீட்டில் நீல நோட்டைத் திறந்து, வயிற்றுவலிக்கு வயிற்றுவலி, புண்ணுக்குப் புண் என்று பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டு மாதம் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆகஸ்டில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சந்தனம் வந்தாள். பால்கோவா கிண்டுகிறவள். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். இனிப்பு உண்டா என்று ஜெயபாய் கேட்டாள். "அய்ய, அந்த வாடையே ஆகாது நர்சம்மா. தின்னு பத்து வருசமாச்சு" என்றாள் சந்தனம். ஜெயபாய் வன்னியம்பட்டி விவசாயப் பெண் ஒருத்தியின் பக்கத்தை அப்படியே எடுத்து எழுதினாள். புண் காய்ந்தது, சந்தனம் வீட்டுக்குப் போனாள். ஒரே மாதத்தில் திரும்பி வந்தாள். ஒரு கால்விரலை எடுக்கும்படி ஆயிற்று.

பெரிய டாக்டர் பிளானை வாசித்தார். வயலிலிருந்து வந்ததும் கால் கழுவவும் என்று இருந்தது.

"இந்தம்மாவுக்கு எந்த ஊர்ல வயல்?" என்றார். தாளைக் கட்டிலில் வைத்துவிட்டு அடுத்த நோயாளிக்குப் போனார். திங்கட்கிழமை வந்து பேசு என்றார் மேட்ரன்.

அன்று மத்தியானம் ஜெயபாய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பரிபூரணம் உடுத்திப்போட்ட சேலையைத் தான் சுற்றிக்கொண்டதுபோல் உடம்பு கூசியது. ஆனாலும் ஒரு நாள் முழுவதையும் சொல்லச் சொன்னாள். சந்தனம் பால் வருவது, அடுப்பு மூட்டுவது, நின்றபடியே கிண்டுவது எல்லாம் சொல்லி வந்தாள்.

"பதம் எப்படிக்கா தெரியும்?"

"நாக்குல வச்சுப் பாப்பேன்."

"எத்தனை தடவ?"

"சட்டிக்கு மூணு நாலு. பதினஞ்சு சட்டி இறங்கும்."

ஜெயபாயின் பேனா நின்றது. "அது தின்னதுல சேராதாக்கா?"

"அது வேலைதான நர்சம்மா?" என்றாள் சந்தனம்.

அன்று எழுதிய பிளான் நாலு பக்கம். இனிமேல் பதம் பார்ப்பது கொழுந்தன் பெண்டாட்டி. சந்தனத்துக்கு ஒரு ஸ்டூல், அடுப்படியிலும் செருப்பு, தினமும் பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். கொழுந்தன் பெண்டாட்டியையே வரவழைத்துப் படித்துக் காட்டினாள். திங்கட்கிழமை மேட்ரனிடம், இதுவரை எழுதியதெல்லாம் பார்த்து எழுதியது என்று சொல்லி, இந்த நாலு பக்கத்தையும் நீட்டினாள். மேட்ரன் வாசித்துவிட்டு, பொங்கல் வரை என்றால் பொங்கல் வரைதான் என்றார். பொங்கலுக்குள் சந்தனத்தின் புண் ஆறியது. பதவி நிலைத்தது.

பொறாமை மட்டும் ஆறவில்லை. யார் பாராட்டினாலும், நாற்காலி பரிபூரணத்துடையது, கேள்வி பரிபூரணத்துடையது என்று உள்ளே ஒன்று முணுமுணுத்தது. பிறகு எழுதியதையெல்லாம் நீல நோட்டின் மிச்சப் பக்கங்களில் படியெடுத்து வைத்தாள், இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே.

1996இல் மஸ்கட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

"ஜெயபாய், நோட்டு ஒங்கிட்டதான் இருக்குன்னு பஸ்ல ஏறும்போதே தெரியும். நீ என் மூஞ்சியைப் பாக்காமப் பேசுனது அன்னைக்கு மட்டும்தான். இங்க கேர் பிளான் அச்சடிச்சு வருது, டிக் போட்டாப் போதும். நாற்காலி போட்டா சூப்பர்வைசர் எழுப்பி விட்டுருவா. நம்ம ஆஸ்பத்திரில இருந்து வந்த வெள்ளத்தாய், பால்கோவா அக்காவப் பத்திச் சொன்னா. பதம் எப்படித் தெரியும்னு கேக்க எனக்குத் தோணியிருக்காது. அதக் கேட்ட அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. செராக்ஸ் எடுத்து அனுப்பு. நான் எழுதுனது வேண்டாம். நீ எழுதுனது மட்டும்."