மார் அல்ல, மால்

'இந்த ஆண்டின் புதிய குரல்' என்ற விருதுப் பிரிவில் சொராய்தா லெப்ரோனின் பெயர் வந்தபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் மேடையேறுவாள். முப்பது வருஷமாகப் பாடிக்கொண்டிருப்பவளைப் புதியவள் என்று கண்டுபிடிக்க இந்த விருதுக்காரர்களால்தான் முடியும். போர்ட்டோ ரிக்கோவின் தென்கரையில், எங்கள் அரோயோ ஊரில், அவள் பாட்டில்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் அபூர்வம். தலைநகரான சான் ஹுவானுக்கு எங்கள் ஊரிலிருந்து காலையில் காரில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். அவள் குரல் அங்கே போய்ச் சேரத்தான் இத்தனை காலம் பிடித்தது.

பகலில் அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. சோறும் அவரைப் பயறும் வேகும்போது பாடுவாள். சனி ஞாயிறில் கல்யாணம், ஊர்த் திருவிழா, யாராவது வீட்டில் பெண் பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைந்த கொண்டாட்டம். அதுவரை அவள் வாங்கிய மரியாதைகளையும் இங்கேயே சொல்லிவிடலாம், ரொம்ப நேரமாகாது. பத்தொன்பது வயதில் வானொலிப் போட்டி ஒன்றுக்குப் போனாள். "குரல் தேன். நாக்குதான் கரும்புக்காட்டு நாக்கு" என்று நடுவர் சொல்லி, ஆறுதல் பரிசுகூடத் தராமல் அனுப்பிவைத்தார். பிறகு ஒரு சமயம் நகராட்சி ஒரு பலகை கொடுத்தது. அதில் பொறித்திருந்தது செத்துப்போன ஒரு டீச்சரின் பெயர். சொராய்தா அதை வாழைக்காய்த் துண்டுகளைத் தட்டையாக நசுக்கிப் பொரிப்பதற்கு வைத்துக்கொண்டாள். மீனவர் சங்கத்துக்காரர்கள் மட்டும் திருவிழா மேடையில் ஆளுயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு மீனைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்கள். "வாங்கினதுலயே உருப்படியான விருது அதுதான், தெருவே சாப்பிட்டுச்சு" என்பாள்.

அந்தக் கரும்புக்காட்டு நாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தீவில் 'ர்' என்ற ஒலி வார்த்தையின் நடுவிலும் கடைசியிலும் நிற்காது, 'ல்' ஆகிவிடும். காதலை ஸ்பானிய மொழி பேசுகிற மற்றவர்கள் அமோர் என்பார்கள், நாங்கள் அமோல் என்போம். கடலுக்கு அவர்கள் மார் என்பார்கள். நாங்கள் மால். மால் என்றால் கேடு என்றும் அர்த்தம். அதனால் எங்களில் ஒருவன் கடலுக்குப் போகிறேன் என்றாலும் கேட்டுக்குப் போகிறேன் என்றாலும் காதில் விழுவது ஒன்றேதான். வெளியார் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். உங்கள் தமிழில் ழகரம் வராதவனைப் பார்த்துச் சிரிக்கிறார்களே, அதே சிரிப்பு.

சொராய்தாவின் தம்பி எஃப்ராயின் மீன்பிடிக்கிறவன். ஒரு அக்டோபர் காலையில் சமையல்கட்டு ஜன்னலில் தலையை நீட்டி, "சோரி, மாலுக்குப் போறேன். எனக்குக் காப்பி வை" என்று சொல்லிவிட்டுப் போனான். படகு மறுநாள் பக்கத்து ஊர்க் கரையில் ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. அடக்கம் செய்ய ஒன்றும் இல்லாமல் போனதால் சொராய்தா பாட்டுக் கட்டினாள். 'மாலே, அவனைத் தின்றாய், மிச்சமிருக்கிற என் ஆல்மாவையும் உனக்கே தந்தேன்' என்று வரும். ஆல்மா என்றால் உயிர். பாட்டில் வருவது கடலா கேடா என்று யாராவது கேட்டால், "ரெண்டுக்கும் சேத்து எந்தம்பி ஒரே வார்த்தைதான் சொல்லிட்டுப் போனான். நான் எதுக்குப் பிரிக்கணும்?" என்பாள்.

போன்சே நகரத்து இளைஞன் ஒருவன் அந்தப் பாட்டுக்கு ஆட்டம் போடுகிற தாளம் சேர்த்து வெளியிட்டான். ஒப்பாரிக்குத் தாளமா என்று எனக்குக்கூட முதலில் கோபம் வந்தது. ஆனால் ஜனங்கள் அதற்கு ஆடிக்கொண்டே அழுதார்கள். அந்த வருஷம் மியாமியிலிருந்து ஒரு பெரிய இசைக் கம்பெனி பாட்டை வாங்கியது, விருதுப் பட்டியலில் பெயர் வந்தது, கம்பெனியின் ஆளான ரமீரோ சாந்தாக்ரூஸ் வாசனைத் திரவியம் கமகமக்கப் பள்ளிக்கூடச் சமையலறைக்கே வந்து நின்றான். பெயருக்கு முன்னால் தோன்யா, அதாவது அம்மா, என்று மரியாதை வேறு.

"தோன்யா சொராய்தா, வாழ்த்துகள்! விழா சான் ஹுவான்லதான். இருபது நாட்டு டிவியில நேரடியா வருது. நீங்க மேடையில பாடறீங்க."

கூடச் சமைக்கிற ப்ரோவி கரண்டியோடு ஓடி வந்தாள். சொராய்தாவின் முப்பது வருஷ சிநேகிதி அவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. "புதுக் குரலாமே! அடியே, உன் பல்லுலயே நாலு புதுசுதான், அதைச் சொல்றாங்களோ என்னவோ."

ரமீரோ மரியாதைக்குச் சிரித்தான். "ஒரே ஒரு சின்ன விஷயம் தோன்யா. அந்த மால்... அதை மட்டும் மார்னு சுத்தமா பாடிடணும். மெக்சிகோவுல, ஸ்பெயின்ல இருக்கறவங்களுக்கும் புரியணுமில்லையா?"

"இதுவரைக்கும் புரியாமலா அழுதாங்க?"

"டிவிக்காரங்க போட்ட நிபந்தனை. நான் என்ன செய்ய? இது மட்டும் நல்லபடியா நடந்தா விருதுக்கும் வாய்ப்பு கூடும், மூணு ஆல்பத்துக்குக் கம்பெனி கையெழுத்தும் போடும்."

அவள் ஒத்துக்கொண்டாள். இதை மறைத்து அவளைச் சிலை ஆக்க நான் தயாரில்லை. அவளுக்கு ஆசை இருந்தது. கல்யாணப் பந்தலில் சாராய போதையில் கத்துகிறவர்களுக்கு மேலாகக் குரலை உயர்த்தி உயர்த்திப் பாடியவளுக்கு, தன் தம்பியின் பாட்டை இருபது நாடு வாய்மூடிக் கேட்க வேண்டும் என்ற ஆசை. ஒரு எழுத்துதானே, போகட்டும் என்று நினைத்தாள்.

உச்சரிப்புச் சொல்லித்தர அம்பாரோ என்ற அம்மாளைக் கம்பெனி அமர்த்தியது. ஸ்பெயினில் படித்தவர், நல்ல மனுஷிதான். ஆனால் சொராய்தா வாயைத் திறந்தாலே கழுத்தில் கொசு கடித்த மாதிரி முகத்தைச் சுளிப்பார். கடலுக்கு மார், காதலுக்கு அமோர், வலிக்குத் தோலோர் என்று ஒரு மாதம் நாக்கை முறுக்கினார்கள். ஸ்டூடியோவில் பாட்டை வரிவரியாக வெட்டி, ஒட்டி, 'சுத்தமான' பதிவு ஒன்றும் எடுத்தாகிவிட்டது. பள்ளிக்கூடச் சமையலறையில் சொராய்தா உப்பைக் கேட்டால்கூட ப்ரோவி, "அம்மணி எந்த நாட்டுலேருந்து வந்திருக்கீங்க?" என்று வணங்குவாள்.

ஒரு எழுத்தை அடித்துத் திருத்தினால் அது பக்கத்து வீட்டு எழுத்தையும் கெடுத்துவிடும். ழகரம் வராதவனைப் போட்டு உருட்டிப் பழக்கினால் பள்ளிக்கூடத்தையும் பழ்ழிக்கூடம் என்பான். விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகையில் அதுதான் நடந்தது. பெரிய அரங்கு, முழு வாத்தியக் குழு, கண் கூசும் விளக்கு. 'மார்' அழகாக வந்தது. அம்பாரோ அம்மாள் கைகூப்பினார். அந்தத் தைரியத்தில் சொராய்தா அடுத்த வரியை நெஞ்சு நிறைய எடுத்தாள்.

'மிச்சமிருக்கிற என் ஆர்மாவையும் உனக்கே தந்தேன்.'

ஆல்மா உயிர். ஆர்மா என்றால் துப்பாக்கி, கத்தி, ஆயுதம். வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். சவுண்டு மேசையில் உட்கார்ந்திருந்த ஒவிடியோ, எங்கள் பக்கத்து ஊர்க்காரர், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"அக்கா, சுட்டுடாதீங்க! நான் பிள்ளைகுட்டிக்காரன்!"

அரங்கமே சிரித்தது. சொராய்தாவும் சிரித்தாள். இன்னொரு தரம் பாடினாள், இன்னொரு தரம் ஆர்மா. மூன்றாம் தரமும் அதே. அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. ரமீரோ கடிகாரத்தைப் பார்த்தான்.

"விடுங்க தோன்யா. நாளைக்கு ஸ்டூடியோப் பதிவையே போட்டுடறோம். உங்க மைக் மூடியிருக்கும். நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

அவள் ஒப்பனை அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கண்ணாடி முன் நின்று ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். மறுபடி சொன்னாள். பிறகு ப்ரோவிக்குப் போன் போட்டாள்.

"என்னடி, ஒத்திகை முடிஞ்சுதா?"

"நாளைக்கு நான் பாட வேணாமாம், வாயை மட்டும் அசைக்கணுமாம். எஃப்ராயின் கடைசியாச் சொன்னதை இந்த அம்மா சொல்லிக்குடுத்த மாதிரி சொல்லிப் பாத்தேன் ப்ரோவி. மாருக்குப் போறேன், எனக்குக் காப்பி வை. அவன் இல்லடி அது. எவனோ பேங்க் மேனேஜர் படகெடுத்துட்டுப் போற மாதிரி இருக்கு. எனக்கு அவனோட உடம்புதான் கிடைக்கலை. இருந்த ஒரு வார்த்தையையும் நானே கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

ப்ரோவி முதலில் சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். "வாயை அசைன்னு சொன்னானா அவன்? அசைக்காதே. மூடின வாயை எந்த வாத்தியாராலயும் திருத்த முடியாது."

"மூணு ஆல்பம்டி."

"பண்ணி என்ன பண்ணப் போறே? மூணுலயும் எவளோ ஒருத்திதான் பாடப் போறா."

மறுநாள் மாலை விழா. முன்வரிசைகளில் கோட்டும் வைரமும். மேல்மாடத்தில் டிக்கெட் வாங்கி வந்த எங்கள் ஜனம். சொராய்தா நீலப் பாவாடையில் மேடைக்கு வந்தாள். வாத்தியம் எழுந்தது. அரங்கம் முழுக்கச் சுத்தமான குரல் பரவியது: 'மாரே, அவனைத் தின்றாய்...'

சொராய்தாவின் வாய் மூடியிருந்தது. சும்மா மூடவில்லை, உதட்டைக் கடித்து, முகவாயை நிமிர்த்தி, எதிரே இருந்த காமிராவை முறைத்துக்கொண்டு மூடியிருந்தாள். கையிலிருந்த மைக்கை இடுப்புக்கு இறக்கினாள். இருபது நாடும் பார்த்தது: பாட்டு ஒரு பக்கம், பாடகி ஒரு பக்கம். ரமீரோ சவுண்டு மேசைக்கு ஓடினான்.

"குளோஸப் வேணாம்னு சொல்லுய்யா! ஏதாவது செய்!"

"செய்யறேன் சார்" என்றார் ஒவிடியோ. பதிவை இறக்கினார். அவளுடைய மைக்கை ஏற்றினார். "அடடா, கை தவறிடுச்சு" என்று இரண்டு கையையும் மேசையின் மேல் பரப்பிப் படுத்துக்கொண்டார். ரமீரோ அவரைப் பிடித்து இழுத்தான். ஒவிடியோ கனத்த சரீரம்.

மைக் பாவாடையில் உரசிய சத்தம் அரங்கத்தில் கேட்டதும் சொராய்தாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மைக்கைத் தூக்கினாள்.

'மாலே!'

அது பாட்டு மாதிரியே இல்லை. கரையில் நின்று ஒருவனை வையும்போது வருகிற கத்தல். மேல்மாடம் அப்படியே எழுந்து நின்றது. அடுத்த வரிக்கு அவள் குரலும் அவர்கள் குரலும் சேர்ந்துவிட்டன. பயந்துகொண்டிருந்த அந்த வார்த்தை வந்தது, ஆல்மா என்றே வந்தது, எந்தத் தடங்கலும் இல்லாமல். கீழ்வரிசையில் சிலர் பக்கத்தில் இருந்தவர்களிடம் என்ன வார்த்தை அது என்று கேட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நாங்கள் அவர்கள் வார்த்தைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லையா?

விருது மியாமியைச் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பையனுக்குப் போனது. நல்ல பையன், நன்றாகவும் பாடுவான். சொராய்தா எழுந்து நின்று அவனுக்குக் கைதட்டினாள். அவளுக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். மேடைக்குப் பின்னால் வந்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரமீரோ வியர்த்துக்கொண்டு வந்தான்.

"எல்லாம் போச்சு. ஒரு எழுத்து! ஒரே ஒரு எழுத்துக்காக எல்லாத்தையும் போட்டு உடைச்சுட்டீங்க."

"நடுவருங்களுக்குக் கோவமா?"

"நடுவருங்களா? அவங்க ஓட்டுப் போட்டே ஒரு மாசம் ஆகுது. கவர் அப்பவே ஒட்டியாச்சு. நான் அதைச் சொல்லலை..."

சொராய்தா முட்டியைத் தேய்ப்பதை நிறுத்தினாள். "இரு. நான் மார்னு பாடியிருந்தாலும் அந்தப் பையன்தானா?"

"அது... ஆமா."

"இந்த அம்பாரோ அம்மா என் வீட்டுப் படி ஏறின அன்னைக்கே முடிவாயிருச்சு?"

ரமீரோ டையைத் தளர்த்தினான்.

"அப்ப ஒரு மாசமா என் நாக்கைப் போட்டு முறுக்கினது யாருக்காகடா?"

அவள் கத்தவில்லை. ஆனால் அந்த நடைவழியில் இருந்த விளக்குக்காரர்கள், துடைப்பக்காரிகள், சாண்ட்விச் தட்டு தூக்கிப் போனவள், எல்லோரும் நின்றுவிட்டார்கள். ரமீரோ அவர்களைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கடைசியாக மிச்சமிருந்த மிரட்டலை எடுத்து வீசினான்.

"கம்பெனி இனிமே உங்களைத் தொடாது தோன்யா. அதை மனசுல வச்சுக்குங்க. இப்படிப் பாடினா அடுத்த பாட்டை எவனும் வெளியிட மாட்டான்."

சொராய்தா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு எழுந்தாள்.

"அடுத்த பாட்டா? வரிக்கு வரி 'ர்' வர்ற மாதிரி எழுதப்போறேன். ஒண்ணு விடாம எல்லாத்தையும் 'ல்'லுன்னுதான் பாடுவேன். போ, போய் உன் இருபது நாட்டுக்கும் சொல்லு."