ஆயா கொடுத்த ஞானஸ்நானம்

"என்ன சார், அதுக்குள்ள பசியா? இப்பத்தானே சாப்பிட்டீங்க?" ஒன்றரைக் கிலோ மனிதர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டே அவருக்குத் துணி மாற்றுகிறார் தொட்டிலக்கா. பச்சிளங்குழந்தைகள் வார்டில் இருபத்திரண்டு வருடமாக ஆயா. ஆண் குழந்தையென்றால் சார், பெண் குழந்தையென்றால் மேடம். பெரிய டாக்டரை மட்டும் "தம்பி" என்பார். பயிற்சிக்கு வந்த நாளில் பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் அவர் முழித்ததைப் பார்த்தவர். மரியாதை அன்றோடு போயிற்று.

வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் அந்தக் கை பதறியதில்லை. குழந்தையைக் கையில் ஏந்தியே எடையைச் சொல்லிவிடுவார். தராசு வேறு எண் காட்டினால் நர்சுகள் தராசைத்தான் சந்தேகப்படுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் மூன்றாவது பெஞ்சு. அங்கே எல்லோரும் சகோதரர், சகோதரி. அதை அப்படியே நம்பிவிட்டார், பாவம்.

நான்கு மாதத்துக்கு முன், அதே சபையைச் சேர்ந்த தையல்காரிக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகி, நடுப்பகலில் பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. போதகர் போனை எடுக்கவில்லை. "அக்கா, ஞானஸ்நானம் இல்லாமலே போயிடுமே!" என்று தாய் கதறினாள். தொட்டிலக்கா கையைக் கழுவினார். வெதுவெதுப்பான நீரைக் கரண்டியில் எடுத்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் மூன்று முறை உச்சியில் விட்டார். ஆபத்து வேளையில் எந்த விசுவாசியும் கொடுக்கலாம் என்று சபை வகுப்பில் சொல்லித்தந்தவரே அந்தப் போதகர்தான். பிள்ளை பிழைத்துக்கொண்டது. வம்பும் அதனால்தான் வந்தது.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்ததும் ஞானஸ்நானத்தைப் பதியப் போனார்கள். சபைப் பதிவேட்டில் "கொடுத்தவர்" என்று ஒரு கட்டம் உண்டு. செயலாளர் பேனாவைத் திறந்தார், உடனே மூடிவிட்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. வார்டு ஆயா பேரை இங்க எப்படி எழுதுறது? மேல ரெண்டு பிஷப் பேரு இருக்கு."

போதகர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனாலும் குருப்பட்டம் வாங்கின கைன்னு ஒண்ணு இருக்கில்ல? வர்ற ஞாயிறு முறைப்படி குடுத்துடுவோம்."

தொட்டிலக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன அநியாயம் இது! மூன்று நாள் வார்டில் அவர் குரலே கேட்கவில்லை. சார்களும் மேடம்களும் பேச்சுத்துணை இல்லாமல் பால் குடித்தார்கள். நான்காம் நாள் தையல்காரியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் செஞ்சது என்னடி? சும்மா தலைக்குத் தண்ணி ஊத்தினேனா?"

"சர்டிபிகேட் வேணும்லக்கா..." அவள் அழுதேவிட்டாள். "ஞானத்தாயா நீங்கதான் நிக்கணும். மாட்டேன்னு சொல்லிடாதீங்க."

சபைக் கமிட்டி அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கப் பட்டம் தேவையில்லை போலும்.

ஞாயிறு வந்தது. ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையை ஏந்தி நின்றார் தொட்டிலக்கா. போதகர் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கை நிறைய நீர் அள்ளினார். அவ்வளவுதான், தொட்டிலக்காவின் வலக்கை எழுந்து குழந்தையின் உச்சியைப் பொத்திக்கொண்டது. செயலாளர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். எல்லோரையும்விட அதிர்ந்துபோனவர் தொட்டிலக்காதான். இப்படிச் செய்வோம் என்று கனவிலும் நினைத்தவரல்ல.

"கையை எடுங்கம்மா," என்றார் போதகர், தாழ்ந்த குரலில்.

போதகர் அள்ளிய நீர் தொட்டிலக்காவின் புறங்கையில் விழுந்து, விரலிடுக்கில் இறங்கப் பார்த்தது. அவர் விரல்களை இன்னும் நெருக்கிக்கொண்டார்.