ஸ்டெய்னார் புதைத்த ரொட்டி

ஊர் வெந்நீர்க் குளத்தில் அல்டா வைத்ததுதான் சட்டம். சோப்புப் போட்டுக் குளிக்காமல் இறங்கப் பார்க்கும் வெளியூர்க்காரனை, "உன் அழுக்குல நாங்க ஏன் நீந்தணும்? திரும்பிப் போ!" என்று விரட்டிவிடுவாள். அப்பேர்ப்பட்ட வாய், கணவன் ஸ்டெய்னார் மாரடைப்பில் போனதிலிருந்து அடைத்துக் கிடந்தது. அழுகையும் வரவில்லை. அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் காப்பி ஊற்றி, சர்க்கரை போதுமா என்று கேட்டாள். "கல்நெஞ்சுக்காரி" என்று யாரோ காதுபடவே சொன்னார்கள். அதுவும் உறைக்கவில்லை.

டென்மார்க்கிலிருந்து மகள் தோராவும் நார்வேயிலிருந்து மகன் கௌதியும் ஐஸ்லாந்துக்கு இரண்டே நாளைக்கு வந்திருந்தார்கள். அவர்கள் கிளம்பும் அன்று காலையில்தான் அல்டாவுக்கு ஞாபகம் வந்தது.

"அப்பா ஏரிக்கரையில ரொட்டி வச்சாரு. எடுக்கவே இல்ல."

பூமிக்கடியிலிருந்து வெந்நீர் ஆவி கிளம்பும் அந்தக் கரையில் மண்தான் அடுப்பு. மாவுச் சட்டியைப் புதைத்தால் மறுநாள் கறுப்பு ரொட்டி. புதைத்துவிட்டு வந்த அன்றே ஸ்டெய்னார் விழுந்துவிட்டார்.

"ஒரு வாரமாச்சு. கரியாகியிருக்கும்மா," என்றான் கௌதி.

"கரியோ கட்டையோ, ஆளுக்கொரு வாய் தின்னுட்டுப் போங்க."

அதை வாயில் வைத்தாலாவது தனக்கு அழுகை வருமா என்று பார்க்க வேண்டும் அவளுக்கு.

அடையாளக் கல்லைப் புரட்டிக் கௌதி தோண்டினான். மணலில் சூடே இல்லை. அவர் புதைத்த கொஞ்ச நேரத்திலேயே நிலம் லேசாக ஆடியதில் ஆவி தள்ளிப் போய், சற்று தூரத்தில் புகைந்துகொண்டிருந்தது. சட்டியைத் திறந்தால் பச்சை மாவு, புளித்த வாடை. மேலே, மாவை அமுக்கிவிட்ட மூன்று விரல் தடங்கள். ஸ்டெய்னாரின் ஆட்காட்டி விரலைப் படகுக் கயிறு எப்போதோ கொண்டுபோயிருந்தது. "தண்ணி தொட்டு வழிச்சு விடு, மனுஷா" என்று அல்டா வாழ்நாளெல்லாம் கத்தியிருக்கிறாள். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

தோரா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கெட்டுப் போச்சும்மா. கொட்டிடலாம்."

"இரு, அந்த ஆவி வர்ற எடத்துல புதைச்சிடறேன்," என்றான் கௌதி. "நாளைக்கு வெந்துடும். நீயாவது சாப்பிடும்மா."

அல்டா தன் விரல்களை அந்தத் தடங்களில் வைத்துப் பார்த்தாள். ஆட்காட்டி விரலுக்கு மட்டும் இடமில்லை.

"வேண்டாம்டா. வெந்தா இது போயிடும்."

விமான நிலையம் போகும் வழியெல்லாம் சட்டி அவள் மடியில் இருந்தது. பின்னால் வை என்று யாரும் சொல்லவில்லை. அழுகை அப்போதும் வரவில்லை. மூடியை மட்டும் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.